இரண்டு வேலை நாட்களுக்குள்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மாணவர் சங்க வீட்டுக் கார் ஷெட்டில் நின்றுகொண்டு, பிரென்னன் ஹாஸ்கல் ஒரு நீல கேனின் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தான். ஆரஞ்சு வாசனையும் வோட்கா நெடியும் மூக்கில் ஏறின. கேன் கழுத்துவரை நிரம்பியிருந்தது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. நேற்றுச் சாயங்காலம் தன் தம்பிக்கு ஒரு பெரிய கிளாஸ் ஊற்றிக் கொடுத்தானே, அது எங்கிருந்து வந்தது? பக்கத்து கேனைத் தூக்கினான். அதன் மூடியில்தான் அவன் கையால் போட்ட கறுப்புப் பெருக்கல் குறி இருந்தது. கழுத்துக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருந்தது. முகர்ந்தான். குளிர்காலத்தில் கார் கண்ணாடியில் சேறும் பனியும் போகப் பீய்ச்சி அடிப்பார்களே, அந்தத் திரவம். அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்தான்.

தம்பி என்றால் ஒரு வயிற்றில் பிறந்தவன் என்று நினைக்க வேண்டாம். சங்கத்தில் சேர வரும் முதல் வருஷப் பையன் ஒவ்வொருவனுக்கும் மூத்த மாணவன் ஒருவனை அண்ணனாகக் கட்டிவைப்பார்கள். அந்த அண்ணனுக்கு ஓர் அண்ணன், அவனுக்கும் ஓர் அண்ணன் என்று வம்சாவளி நாற்பது வருஷம் பின்னால் போகும். பிரென்னனுடையது நீல வம்சம். உறவு சேரும் நாளில் தம்பியின் கண்ணைக் கட்டி, நீல நிறத்தில் கலந்த சரக்கு ஒரு பெரிய கிளாஸ் கொடுப்பார்கள். மூச்சு விடாமல் குடித்துவிட்டால் அவன் நீலத்தான். இந்த வருஷம் பிரென்னனுக்கு வாய்த்தவன் கோரி. ஒஹையோ மாநிலத்தின் அந்தக் கோடியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஓர் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. பத்து வயதிலிருந்து சர்க்கரை வியாதி, தினமும் ஊசி. கல்லூரிக்கு வந்து நாலு மாதம் சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன், சங்கத்தில் சேர வந்த நாளிலிருந்து கண்டவனிடமெல்லாம் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சரக்கு ஏன் கார் திரவக் கேனுக்குள் போனது என்று கேட்பீர்கள். அதையும் சொல்லித் தொலைக்கிறேன். போன வருஷம் ஒரு விருந்தில் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அதிலிருந்து இந்த வீட்டுக்கு இரண்டு வருஷத் தண்டனை. உள்ளே ஒரு பாட்டில் இருக்கக் கூடாது. கல்லூரி ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அலமாரி அலமாரியாகத் திறந்து பார்ப்பார்கள். இன்னொரு தடவை அகப்பட்டால் வீட்டையே பூட்டிவிடுவார்கள். பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளன் வேண்டும் என்றும் கல்லூரி சொல்லிற்று. எல்லோருமாகச் சேர்ந்து பிரென்னனைத் தேர்ந்தெடுத்தார்கள். படிவம் நிரப்புவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்று பக்கப் படிவத்தை ஒரு அடித்தல் இல்லாமல் நிரப்பி நேரத்துக்கு அனுப்பிவிடுவான்.

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். பாட்டில் கூடாது என்றுதானே சட்டம், கேன் கூடாது என்று இல்லையே? ஷெட்டில் வரிசையாக ஆறு நீல கேன் இருந்தன. ஒன்றைக் காலி செய்து கழுவி, நீலச் சரக்கைக் கலந்து அதில் ஊற்றி, மூடியில் குறி போட்டு வரிசையிலேயே வைத்தது பிரென்னனின் யோசனை. வியாழக்கிழமை வந்த கல்லூரி ஆள் அந்த வரிசையைத் தாண்டித்தான் போனான். அன்று இரவு சாப்பாட்டில் நாற்பது பேரும் மேஜையைத் தட்டி அவனைக் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு எவனோ ஒருவன் தன் காருக்குத் திரவம் எடுக்க வந்திருக்கிறான். முதலில் சரக்குக் கேனைத் திறந்திருக்கிறான், முகர்ந்து சிரித்திருக்கிறான், அடுத்ததைத் திறந்திருக்கிறான், மூடும்போது மூடிகளை மாற்றி மாட்டிவிட்டான். அவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

வழக்கப்படி அண்ணன் முதல் வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் தம்பிக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் பாதுகாப்புப் பொறுப்பாளன் விருந்து நாளில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சொட்டும் தொடாமல் நிற்க வேண்டும் என்பது விதி. விதியை மீறாத உத்தமன் அல்லவா இவன், தொடவில்லை. கோரி பாதிக் கிளாஸில் இருமிக்கொண்டு, எரியுதுண்ணே என்றான். நீலம்னா எரியத்தான்டா செய்யும், நிறுத்தாதே என்று பிரென்னன் அவன் முதுகைத் தட்டினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஷெட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு இப்போது அதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கோரியைத் தன் காரிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தான். காரில் கோரி ஒரு பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டு, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான். இவன் அதைக் காதில் வாங்கவில்லை. இவன் சொன்னது வேறு.

"டாக்டர் கேட்டா பீர்னு சொல்லு. எங்க குடிச்சேன்னு கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லு. வீட்டுப் பேரு மட்டும் உன் வாயில வரக் கூடாது. நம்ம வீட்டு விஷயம் வெளியாளுக்குப் போகக் கூடாது, புரிஞ்சுதா?"

கோரி வாந்தி எடுத்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிரென்னன் இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். அங்கே தலைவன் பிரெஸ்டன் ஆல்ட்ரிட்ஜ் எட்டுப் பேரை வைத்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்றால் அடுத்தது சோதனை வரும், சோதனை வருமுன் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று காலையிலேயே எல்லோரையும் எழுப்பிவிட்டிருந்தான். மீதிச் சரக்கைக் கொட்டச் சொல்லிப் பிரென்னனை ஷெட்டுக்கு அனுப்பியதும் அவன்தான். பிரென்னன் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், கேன் மாறிவிட்டது, கோரி குடித்தது வோட்கா இல்லை என்றான். பிரெஸ்டன் இரண்டு கேனையும் பார்த்தான். பிறகு கேட்டான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை, பாவி. முதல் கேள்வி இதுதான். இல்லை என்று பிரென்னன் தலையாட்டியதும், இரண்டு கேனையும் வாங்கித் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டான். நீலம் சுழன்று சுழன்று இறங்கியது. அப்புறம் சங்கத்தின் பழைய மாணவர், இப்போது வக்கீல், கார்வர் என்பவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவர் நிதானமாகப் பேசினார். திங்கட்கிழமை நான் வரும்வரை ஒருவனும் வாயைத் திறக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அதில் இருப்பது அதில் தெரியும், நீங்கள் போய் உளறி அதைக் குற்றமாக்க வேண்டாம் என்றார்.

பிரென்னன் எதிர்த்துப் பேசினான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றான், இரண்டு முறை சொன்னான். பிரெஸ்டன் அவன் தோளில் கை போட்டான். கெட்டவன் மாதிரிப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அன்பாகப் பேசினான்.

"டாக்டருங்க எதுக்குடா படிச்சிருக்காங்க? அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது? அவன் நல்லாயிடுவான். நீ வாயத் தெறந்தா நாப்பது பேரு நடுத்தெருவுல நிப்பான், நீ ஜெயிலுக்குப் போவ. உங்க அப்பா முகத்த எப்படிப் பாப்பே, யோசிச்சுக்கோ."

பிரென்னன் தோளை விடுவித்துக்கொண்டான். மாடிக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடினான். கேனில் எழுதியிருந்த பெயர் மெத்தனால். நம் பக்கத்துப் பேப்பரில் இந்தப் பெயர் வந்தால் கூடவே பிணக் கணக்கும் வரும். இவனுக்கு அதுவரை அது ஒரு பெயர், அவ்வளவுதான். படித்தான். உள்ளே போனதும் உடம்பு அதை வேறொன்றாக மாற்றும், மாறியது கண் நரம்பைத் தின்னும். சாராயத்தோடு சேர்ந்து போனால் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாது, மறுநாள்தான் வேலையைக் காட்டும். மாற்று மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு தப்பும். ஒவ்வொரு மணியும் கணக்கு என்று போட்டிருந்தது. மணியைப் பார்த்தான். பத்து நாற்பது. கோரி குடித்துப் பதினைந்து மணி நேரம் ஓடிவிட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் கத்தவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான். ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினான். மறுமுனையில் ஒரு பெண் குரல், நீங்கள் யார், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டது. அண்ணன் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெயரைக் கேட்டாள். வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவனுக்கு அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கல்லூரியின் வலைப்பக்கத்தில் ஒரு புகார்ப் படிவம் உண்டு. சங்கங்களில் நடக்கும் அக்கிரமத்தைப் பெயர் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பொறுப்பாளன் என்ற முறையில் ஒவ்வொரு செமஸ்டரும் அதைப் புதுப் பையன்களுக்குத் திரையில் போட்டுக் காட்டுபவனே இவன்தான். பெயர் தேவையில்லை, உங்களை யாரும் தேடி வரமாட்டார்கள் என்று சொல்லிக் கொடுத்த வாய் இது. எழுதினான். முதல் வருஷ மாணவன் கோரி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், அவன் குடித்தது கார் கண்ணாடித் திரவம், அதில் மெத்தனால் இருக்கிறது, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், உடனே. இடம், தேதி, நேரம் எல்லாக் கட்டமும் நிரப்பினான். புகார்தாரர் பெயர் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டான். அனுப்பு என்பதை அழுத்தினான். உங்கள் புகார் கிடைத்தது, நன்றி என்று பச்சை எழுத்தில் வந்தது.

கிடைத்தது என்ற சொல்லைப் பார்த்ததும் மார்பில் இருந்த பாறாங்கல் இறங்கியது. யாரோ படித்துவிட்டார்கள், இந்நேரம் போன் பறந்திருக்கும், நர்ஸ் ஊசியோடு ஓடிக்கொண்டிருப்பாள். சங்கத்துக்குச் செய்த சத்தியமும் மீறவில்லை, தம்பியையும் காப்பாற்றியாயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினான். பிரெஸ்டன் கொடுத்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு அடித்தளத்தைப் பெருக்கினான். மத்தியானம் பீட்ஸா வந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டான். ஆமாம், சாப்பிட்டான்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரெஸ்டனும் கூடவே வந்தான், பையனின் தாய்க்கு ஆறுதல் சொல்ல என்று. பூச்செண்டுகூட வாங்கி வந்திருந்தான். மூன்றாவது மாடிக் காத்திருப்பு அறையில் பஸ் ஓட்டுநர் ஜாக்கெட்டோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோரியின் அதே அகன்ற நெற்றி. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் பனியில் மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பெயர் டெனீஸ். இவர்கள் கோரியின் சங்கத்து ஆட்கள் என்று தெரிந்ததும் எழுந்து பிரென்னனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் பிரென்னனா? உன் பேரு இல்லாம அவன் போன் பேசினதே இல்லப்பா. ஊசி போட்டுக்கடா, ஊசி போட்டுக்கடான்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். போடாம விட்டிருக்கான் பாரு. பீரக் குடிச்சிட்டு ஊசியையும் மறந்தா சர்க்கர சும்மா விடுமா?"

பிரென்னனுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரையா? இவர்கள் ஏன் இன்னும் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

டாக்டர் ஓகாஃபோர் வெளியே வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி தவறினால் இப்படி ஆகும் என்று காலையிலிருந்து அதற்கே வைத்தியம் செய்கிறோம், சர்க்கரை இறங்கிவிட்டது, அமிலம் இறங்கவில்லை, கண் முன்னால் பனி பெய்கிற மாதிரி இருக்கிறது என்கிறான், எனக்கு இது ஒத்துவரவில்லை என்றார். பிறகு பிரென்னனைப் பார்த்தார்.

"நீதானே காலைல கூட்டிட்டு வந்தே? பீரத் தவிர வேற ஏதாவது குடிச்சானா? அவன மூணு தடவ கேட்டுட்டேன், பீர்னுதான் சொல்றான்."

பிரெஸ்டனின் முழங்கால் இவன் தொடையை அழுத்தியது. பிரென்னன் டாக்டரின் முகத்தையே பார்த்தான். இவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே சோதிக்கிறாரா?

"காலேஜ்ல இருந்து உங்களுக்கு யாரும் போன் பண்ணலையா?"

"சனிக்கெழம காலேஜ்ல யாருப்பா இருக்கா? ஏன் கேக்கற?"

"இல்ல... சும்மாதான்" என்றான். பீர்தான், எனக்குத் தெரிந்து பீர்தான் என்று வாய் தானாகச் சொல்லிற்று. டாக்டர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். டெனீஸ் மகனிடம் போய் உட்கார்ந்தாள்.

பிரென்னன் கழிப்பறைக்கு என்று சொல்லி நடைபாதையின் கோடிக்கு வந்தான். போனை எடுத்தான். காலையில் பச்சை எழுத்தில் பார்த்த பக்கம் இன்னும் திறந்திருந்தது. உங்கள் புகார் கிடைத்தது, நன்றி. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இன்னொரு வரி. இரண்டு வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும். இந்த வரியை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான். திரையில் போட்டுப் புதுப் பையன்களுக்கு வாசித்துக்கூடக் காட்டியிருக்கிறான். இன்று சனிக்கிழமை. வேலை நாள் திங்கட்கிழமை. அவன் எழுதியதை ஒரு மனித ஜீவனும் படிக்கவில்லை.

மூன்று முப்பத்தைந்து. காலையிலிருந்து ஐந்து மணி நேரம் போய்விட்டது. அவன் வீடு பெருக்கினான், பீட்ஸா தின்றான், கோரியின் கண்ணை உள்ளே ஒன்று தின்றுகொண்டே இருந்தது. நம்மில் கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி உண்டு. அதை முழுசாகச் சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது அறையின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தான். கோரி தண்ணீருக்குக் கை நீட்டினான். டம்ளர் மேஜையில் கண்ணுக்கு நேராக இருந்தது. கை அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் காற்றைத் துழாவியது. டெனீஸ் சிரித்துக்கொண்டே, தூக்கக் கலக்கமாடா என்று கேட்டு, டம்ளரை எடுத்து அவன் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

அவன் ஓடினான். பிரெஸ்டன் எழுந்து குறுக்கே வந்து சட்டையைப் பிடித்தான். பிரென்னன் பிய்த்துக்கொண்டு போனான், பொத்தான் தெறித்து விழுந்தது. நர்ஸ்கள் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த டாக்டரிடம் போய், மூச்சு வாங்க, அவன் குடித்தது பீர் இல்லை, கார் கண்ணாடித் திரவம், மெத்தனால், ஒரு பெரிய கிளாஸ், நேற்று ஏழரை மணிக்கு என்று ஒரே மூச்சில் கொட்டினான். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை மில்லி இருக்கும், வாந்தியில் எவ்வளவு போயிருக்கும் என்று மட்டும் கேட்டார். அவன் கையால் அளவு காட்டினான். அவர் திரும்பி ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார். டயாலிசிஸ் மெஷின் என்றார். மூன்று பேர் ஓடினார்கள். அந்த நடைபாதையில் அவன் ஒருவன்தான் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் நின்றான்.

பிரெஸ்டன் பக்கத்தில் வந்தான். கோபப்படக்கூட இல்லை.

"முடிச்சுட்டடா. எல்லாரையும் முடிச்சுட்ட" என்றான். பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான். அன்று சாயங்காலத்துக்குள் சங்கத்துப் போன் குழுவிலிருந்து பிரென்னனின் பெயரை நீக்கிவிட்டார்கள். கார்வர் பதினாறு தடவை கூப்பிட்டார். இவன் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க அந்த நாற்காலியிலேயே கிடந்தான். கடவுளே, கண்ணை மட்டும் விட்டுவிடு, என்னை எங்கே வேண்டுமானாலும் போடு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். சர்ச்சுக்குப் போய் ஆறு வருஷம் ஆனவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் ஓகாஃபோர் வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, தூங்கவில்லை போலிருக்கிறது. உயிருக்குப் பயமில்லை, ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார். கண் என்று இவன் கேட்டான். நரம்பு செத்துவிட்டது, வெளிச்சம் இருட்டு வித்தியாசம்கூடத் தெரியவில்லை, இனி வருமென்று நான் பொய் சொல்லமாட்டேன் என்றார். நேற்றுக் காலையிலேயே யாராவது என்று ஏதோ சொல்ல வந்தவர், இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போலீசுக்குத் தகவல் கொடுத்திருக்கிறோம், மாலையில் வருவார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்து டெனீஸ் அறையிலிருந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பிரென்னன் எழுந்து நின்றான். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். ஏதோ கேன் மாறிவிட்டது என்று டாக்டர் சொன்னார், நீ மட்டும் சொல்லவில்லை என்றால் என் பிள்ளையை நேற்றே பெட்டியில் வைத்துத்தான் தூக்கிப் போயிருப்பேன், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான், வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கை சூடாக இருந்தது, அதை உதறத் தெம்பு இல்லை.

கோரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் குழாய் ஒட்டிய கட்டு. கண் இரண்டும் திறந்துதான் இருந்தன, பார்க்க ஒரு குறையும் சொல்ல முடியாது. கதவுச் சத்தம் கேட்டதும் முகம் திரும்பியது, ஆனால் கதவுக்கு அல்ல, ஜன்னலுக்கு.

"யாரு, அண்ணனா?"

"நான்தான்டா."

கோரி சிரித்தான். உதடு வறண்டு வெடித்திருந்தது. அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினான். அவள் ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள், அது அவனுக்கு எப்படித் தெரியும்.

"டாக்டரம்மா மூணு தடவ கேட்டாங்கண்ணே. நான் மூச்சு விடலியே. பீர் பீர்னே சொன்னேன். குடிக்கறப்பவே அது வேற மாதிரிதான் இருந்துச்சு, ஆனா சொல்லல. என்னைச் சேத்துக்குவாங்கல்ல?"

டெனீஸ் மகனைப் பார்த்தாள், பிறகு பிரென்னனைப் பார்த்தாள். அவள் கை மெதுவாக இவன் கையிலிருந்து கழன்றது.

"சொல்லாதேன்னு யாருடா உனக்குச் சொன்னது?" என்று மகனைத்தான் கேட்டாள்.

கோரி உதட்டை இறுக்கிக்கொண்டான். பிரென்னன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வக்கீலும் இல்லை, படிவமும் இல்லை, பெயரை வெறுமையாக விட ஒரு கட்டமும் இல்லை.

"நான்தான்ம்மா. சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான், அத ஊத்திக் கொடுத்ததும் நான்தான். சரக்க அந்த கேன்ல ஒளிச்சு வெச்சது நான். என்ன குடிச்சான்னு நேத்துக் காலைலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அஞ்சு மணி நேரம் சொல்லல. காலைலயே சொல்லியிருந்தா ஒருவேள கண்ணு தப்பியிருக்கும்."

டெனீஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோரி பதறிப்போய் ஜன்னல் பக்கம் கையை நீட்டி அண்ணனின் வாயைத் தேடினான்.

"அண்ணே, அதெல்லாம் வெளியாள்கிட்ட சொல்லக் கூடாதுண்ணே" என்றான்.